சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்

திரேசாவின் இரண்டு சிறுநீரகங்களையும் பழுதாக்கியவள் நான்.

வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டிருந்தேன். பிறகு திறந்து பொய் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான்... அதுவே போதுமாக இருந்தது!

எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள். இடையில் என் மேல் இரக்கம் வந்தால் அதைத் தள்ளி வையுங்கள். எனக்கு அது வேண்டாம்.

நாங்கள் நெடுந்தீவுக்காரர். திரேசாவின் வீடு என் வேலிக்கு அடுத்த வேலி. என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் இதய வருத்தம், இதயம் பலவீனமாகிற நோய். உடம்பில் நீர் கட்டாமல் இருக்க விழுங்க ஒரு சின்ன வெள்ளைக் குளிசை தந்திருக்கிறார்கள். அதைப் போட்டால் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். போய்விட்டு வந்து இருப்பதற்குள் மறுபடியும் வரும். வீட்டில் என்றால் பரவாயில்லை. ஆனால் கிளினிக் பட்டணத்தில் அல்லவா இருக்கிறது! விடியப் படகு ஏறி, குறிகட்டுவான் துறையில் இறங்கி, ஓடிப்போய்ப் பஸ் பிடித்து... அந்த வழி முழுவதும் ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள்? ஆண்களுக்குக் கடல் இருக்கிறது, திரும்பி நின்றால் முடிந்தது.

ஆகவே கிளினிக் நாள் நெருங்கினால் நாங்கள் அந்தக் குளிசையை நிறுத்திவிடுவோம். தீவுப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். காலும் முகமும் வீங்கிப்போய்த்தான் டொக்டருக்கு முன்னால் இருப்போம். குளிசை போடுகிறீர்களா என்று அவர் கேட்பார். தலையாட்டுவோம்.

இப்படி இருக்கையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. தீவுச் சனத்துக்கு இதய வருத்தம் ஏன் குறைவதில்லை என்று பார்க்கப் போகிறார்களாம். முந்திய காலம்போல ஊசி குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போவதோடு முடியாதாம். நோயாளரும் பங்காளிகளாம். எதை ஆராய வேண்டும், எப்படி ஆராய வேண்டும் என்று அவர்களோடு ஒரே மேசையில் இருந்து சொல்ல வேண்டுமாம். தீவுக்கு ஓர் ஆள் கேட்டார்கள். எல்லோரும் என்னைத்தான் காட்டினார்கள்.

வேறு யாரைக் காட்டுவார்கள்? கரைக்கு மீன் எடுக்க வருகிற முதலாளிமாரை நிறுத்தி வைத்து விலை பேசியவள் நான். புருஷன் போன பிறகும் ஒருவரிடமும் தலை குனியாதவள்... அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பட்டணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு முதல் நாள் பெண்கள் என் முற்றத்துக்கு வந்தார்கள். குளிசையை நிறுத்துகிற கதையை அங்கே சொல்லிவிடும்படி கேட்டார்கள். பேசியது திரேசாதான்.

“எங்களுக்கு வாய் வராதக்கா. உங்களுக்கு ஆரிட்டப் பயம்? அந்த டொக்டர்மாரையும் மீன் முதலாளி எண்டு நினைச்சுக்கொண்டு கதையுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓமென்றேன்.

கூட்டத்தில் எனக்கும் டொக்டர்மாருக்கும் உட்கார ஒரே மாதிரிக் கதிரை. ஒரே மாதிரிக் கோப்பையில் தேத்தண்ணீர். படகு பிந்துவதைச் சொன்னேன். குளிசைப் பைகளில் எழுதியிருப்பது எங்களுக்கு விளங்காததைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த இளம் பெண் டொக்டர், “அம்மா சொல்லித்தான் எங்களுக்கே இது தெரியுது” என்றாள். நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று எனக்கு!

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கிளினிக்குக்கு வரும்போது தீவுப் பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வீக்கம்? நான் பதில் சொல்வதற்குள், மேசையின் அந்தப் பக்கம் இருந்த வயதான டொக்டர் ஒருவர் மெதுவாகச் சிரித்தார். தீவாருக்குக் குளிசையின் அருமை தெரியாது, மறந்துவிடுவார்கள் என்றார்.

சொல்ல வேண்டியது என் நாக்கில்தான் இருந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? ‘நீங்களும் அப்படித்தானோ அம்மா?’ என்று கேட்பார்கள் அல்லவா? ஏன் என்றும் கேட்டால் படகில் நடந்ததைச் சொல்ல வேண்டி வரும்.

ஒருமுறை நான் குளிசையை நிறுத்தாமல் படகு ஏறியவள். கடல் பாதியில்... என்னால் ஏலாமல் போயிற்று. சேலை நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த திரேசா கண்டுவிட்டாள். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கை தவறியதுபோல என் மடியிலும் தன் மடியிலும் ஊற்றினாள். “ஐயோ அக்கா, உங்களை நனைச்சுப்போட்டன்” என்று படகு முழுக்கக் கேட்கச் சொன்னாள். சனம் அவளைத்தான் ஏசியது. இன்றுவரை அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூடச் சொன்னதில்லை!

அப்படிப்பட்டவளுக்காகப் பேசப் போன நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எங்கட பொம்பிளையள் ஒரு நாளும் குளிசையைத் தவறவிடுறேல்லை” என்றேன். நிமிர்ந்து இருந்து, அந்த வயதான டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவர்கள் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? நான் பங்காளி.

ஒழுங்காகப் போட்டும் வீங்குகிறது என்றால் மருந்து காணாது என்று முடிவாயிற்று. அடுத்தடுத்த கிளினிக்குகளில் பலருக்கும் குளிசை கூட்டப்பட்டது. திரேசாவுக்கு எல்லோரையும்விட அதிகம்.

கூட்டம் முடிந்து நான் ஊருக்கு வந்த அன்றே படகடியில் பெண்கள் காத்து நின்றார்கள். சொன்னீர்களா என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்றும் சொன்னேன்.

இந்தப் பொய்தான் அவளைக் கொல்கிறது. மற்றவர்கள் கூட்டிய குளிசையில் பாதியை எறிந்துவிட்டார்கள். திரேசா எறியவில்லை. எல்லாம் தெரிந்துதான் டொக்டர் கூட்டியிருக்கிறார் என்று நினைத்தாள். வீட்டில் இருந்த நாட்களில் ஒன்றுவிடாமல் விழுங்கினாள். கச்சான் காற்று வீசுகிற வறண்ட மாதங்களின் வெயிலில் உடம்பு வற்றிப்போயிற்று. தலை சுற்றுகிறது, எழும்பினால் கண் இருட்டுகிறது என்று வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்! பழகிவிடும் என்றேன்... பழகிவிடும் என்றேன் நான்!

அவள் கிணற்றடியில் விழுந்து, பட்டணத்துக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் வாடிவிட்டதாம். வாரத்தில் சில நாள் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், பட்டணத்தில் இருக்கிற மகளின் வீட்டில் தங்கி நின்றால் பல காலம் இருக்கலாம் என்றார்கள்.

அவள் மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டாள். மகள் அழுதாள், கெஞ்சினாள். திரேசா சொன்ன காரணம் ஒன்றுதான்: அக்கா போய் எல்லாம் விளங்கச் சொன்னவ, அவையள் கேக்கேல்லை, கேட்டும் கேளாமல் நஞ்சைத் தந்தவை, அவையின்ர கையில திரும்பவும் உடம்பைக் குடுக்கமாட்டன்.

தேவாலயத்தில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சுவாமி என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. சில செபங்களைச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து வெளியே வந்தேன். ஒன்றும் குறையவில்லை.

பிறகு திரேசாவிடமே போனேன். கட்டிலருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குளிசைக் கதைக்கு நான் வாயே திறக்கவில்லை, பொய்தான் சொன்னேன், டொக்டர்மாரில் பிழையில்லை, என்னில்தான், நீ மெசினுக்குப் போ என்று அழுதேன். எந்த மனிதருக்கு முன்னாலும் அழாத நான் அழுதேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“மகள் சொல்லித் தந்து விட்டவளோ? நல்லாத்தான் நடிக்கிறியள். உங்களைப்போல ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்ததெண்டால் ஆரக்கா நம்புவினம்?”

இனி நான் எங்கே போவேன், சொல்லுங்கள்? பட்டணத்துக்குப் போனேன். அந்த இளம் பெண் டொக்டரிடம் மறைத்த எல்லாவற்றையும் கொட்டினேன். படகுக் கதையையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. என்னை ஏசவில்லை. குளிசை கூட்டப்பட்ட எல்லோரையும் உடனே கூப்பிட்டுப் பார்க்க ஒழுங்கு செய்தாள். மறுநாள் தானே படகேறி என்னோடு வந்தாள். கூட்டத்தில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் அவள். நான் சொல்லாததற்கு அவளே சாட்சி!

திரேசா அவளை முழுதாகச் சொல்லவிடவில்லை. தலையணையில் கையை ஊன்றி எழும்பி இருந்தாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

“நீங்கள் செய்த பிழையை இந்த மனிசியின்ர தலையில போடுறியளோ பிள்ளை? படிப்பில்லாதவ எண்டுதானே... போங்கோ. என்ர வீட்டை விட்டுப் போங்கோ.”

டொக்டர் வெளியே போய் வேலியடியில் நின்றாள். நான் மீண்டும் தொடங்கினேன். அந்தப் பிள்ளை சொல்வதுதான் உண்மை என்றேன். திரேசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய கை. என் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, அப்படியே நின்றது.

“பயப்பிடாதேங்கோக்கா. உங்களை மிரட்டிச் சொல்ல வைக்கினம் எண்டு எனக்கு விளங்குது. நான் இருக்கிறன்தானே.”

அந்தக் கையை நான் உதறியிருக்க வேண்டுமா? அவள் வெறுக்கும்படி ஏதாவது செய்திருக்க வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை... பிடித்தபடியே இருந்தேன்.

நாளை காலையும் போய்ச் சொல்வேன். மறுநாளும் சொல்வேன். அவள் நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். அதற்கு வேண்டிய நாட்கள் அவளிடம் இருக்கின்றனவா என்று டொக்டர்ப் பிள்ளையிடம் கேட்கலாம் என்று படகடிவரை கூடவே நடந்தேன். கேட்கவில்லை. படகு போய்விட்டது.