வெட்டி எறிந்த கடைசிச் சுருள்

என் அண்ணன் என் கணவரின் முன்பல் இரண்டை உடைத்தது ஒரு படத்தின் முடிவுக்காக. அப்போது அவர் என் கணவர் இல்லை, மன்னார் தியேட்டர் வாசலில் நின்ற யாரோ ஒரு பெடியன்.

அண்ணனுடைய கதாநாயகனின் படம் அன்றைக்குத்தான் வந்திருந்தது. பகல் காட்சியில் அவர் வில்லனை வெட்டிச் சாய்த்துவிட்டுத் திரும்பும்போது, குதிரை லாயத்துக்குள் ஒளிந்திருந்த அடியாள் முதுகில் குத்திக் கொன்றுவிட்டான். ரசிகர்கள் விடுவார்களா? கதிரைகளை உடைத்தார்கள். திரையைக் கிழித்தார்கள். வாசலில் டிக்கட் கிழித்த மனிதரின் மண்டையையும் பிளந்தார்கள். நடுங்கிப்போன தியேட்டர் முதலாளி திரையைத் தைத்துக் கட்டி, பின்னேரக் காட்சிக்கு முன்னரே கடைசிச் சுருளில் அந்தச் சாவை வெட்டி எறிந்துவிட்டார். வில்லன் விழுந்ததோடு படம் முடிந்தது.

இலுப்பைக்கடவையிலிருந்து பஸ் பிடித்துப் போன அண்ணன் பார்த்தது அந்தப் பின்னேரக் காட்சியைத்தான். விசிலடித்தபடி வெளியே வந்தவனிடம், பகல் காட்சி பார்த்துவிட்டு நின்ற பெடியன், "உங்கட ஆள் செத்திட்டார், அதை வெட்டிப்போட்டுக் காட்டுறாங்கள்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் போட்டி நடிகரின் ரசிகர். அண்ணன் பக்கத்தில் நின்ற சைக்கிளின் பம்பை உருவி அவர் வாயிலேயே போட்டான்.

விஷயம் பொலிசுக்குப் போகக்கூடாதென்று எங்கள் ஐயா வெற்றிலை பழத்தோடு அவர்கள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். போன பேச்சு சம்பந்தத்தில் முடிந்தது. பல்லுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று ஊர் சிரித்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் ஓட்டைப் பல்லோடு அந்த மனிதர் சிரித்தது எனக்குப் பிடித்துப்போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சான்மார் ஆன பிறகும் சண்டை ஓயவில்லை. செத்தார் என்பார் இவர். சாகவில்லை என்பான் அவன். கோயில் திருவிழாவில் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். வயல் வரம்பில் மண்வெட்டிப் பிடியால் அடிபட்டிருக்கிறார்கள். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில், தலைக்கு மேலே செல் குண்டுகள் கூவிக்கொண்டு போக, பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்தபடியே ஒருவர் சட்டையை மற்றவர் கிழித்தார்கள். வெளியே கொல்கிறவன் போதாதா, உள்ளேயும் வேண்டுமா என்று நான் இரண்டு பேரின் முதுகிலும் சாத்தினேன்.

போரின் கடைசி மாதங்களில் அண்ணனின் ஒரே மகன் கடற்கரை மணலில் செல்பட்டு விழுந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கும் அவன்தான் பிள்ளை. மண்வெட்டி கிடைக்கவில்லை. அண்ணனும் என் கணவரும் கையால் தோண்டித்தான் அவனைப் புதைத்தார்கள். நான் இன்னும் அந்த மணலைக் கனவில் காண்கிறேன்.

மீளக் குடியேறித் தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறி, கரண்டும் வந்த பிறகு ஒரு டிவி வாங்கிக் கூரையில் டிஷ் பூட்டினோம். ஞாயிறு பகலில் ஒரு சனல் பழைய படம் போடும். சோறு தின்ற கையோடு அண்ணன் வந்துவிடுவான். படம் போடுகிறவர்களை இருவரும் திட்டுகிற திட்டில் சுவர் வெடிக்கும். பாட்டை வெட்டுகிறவனின் கையை வெட்டவேண்டும் என்பான் அண்ணன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசியவனை மரத்தில் கட்டிவைத்து உரிக்கவேண்டும் என்பார் இவர். வில்லன் கத்தியை ஓங்கும் நேரம் பார்த்து சவர்க்கார விளம்பரம் போடுகிறவனைப் பற்றி இருவரும் சொன்னதை எழுத முடியாது. என் அபிப்பிராயமும் கிட்டத்தட்ட அதுதான். தாய் அழுகிற காட்சியை முழுதாக விட்டுவிட்டு, சண்டையை அரைவாசியாக்குகிறவனுக்கு மனச்சாட்சி இல்லை.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருந்தேன். படத்தில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால் அண்ணன் பீடி பற்றவைக்க முற்றத்துக்குப் போய்விடுவான். சாவு முடிந்து பாட்டுக் கேட்டால்தான் திரும்பி வருவான். மகனைப் புதைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

பிறகு ஒரு கிழமை, பல்லை உடைத்த அதே படத்தை, அதுவும் ஒரு வெட்டும் இல்லாமல் முழுப்படமாகப் போடப்போவதாக அறிவித்தார்கள். என் கணவர் துள்ளிக்கொண்டு திரிந்தார்.

"அண்ணனைக் கூப்பிடாதையுங்கோ. அவன் தாங்கமாட்டான்" என்றேன்.

"பல்லுப் போனது எனக்கு. முப்பது வருசமாப் பொய்யன் எண்ட பேரும் எனக்கு. அவன் வந்து பார்க்கத்தான் வேணும்" என்றார் அவர்.

அண்ணன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தியேட்டருக்குப் போகிறவன்போல வந்தான். படம் முழுக்க விசிலடித்தான். வாள்சண்டை தொடங்கியது. வில்லன் தள்ளாடி விழ, அண்ணன் எழுந்தான்.

"படம் முடிஞ்சுது. நான் வாறன்."

என் கணவர் கதவைச் சாத்திக் குறுக்கே நின்றார். "முடியேல்லை. இருந்து பார்."

"விடு மச்சான்."

"இருந்து பாரடா."

அண்ணன் தள்ளினான். இவர் அவன் பிடரியைப் பிடித்து டிவிக்கு நேரே திருப்பினார். இத்தனை வருடத்தில் முதல் அடி எப்போதும் அண்ணனுடையதுதான். அன்றைக்கு அது என் கணவருடையது. அடுத்த அடியில் அண்ணன் பிளாஸ்டிக் கதிரையால் அவர் முகத்தைப் பிளந்தான். இரத்தம் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அப்படியும் இவர் பிடியை விடவில்லை. அண்ணன் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்று குழறினான். அண்ணனுக்கு அது படம் இல்லை என்று எனக்கு விளங்கியது. என் மனிதருக்கு விளங்கவில்லை.

குசினிக்குள் ஓடி உலக்கையை எடுத்துவந்தேன். திரையில் கதாநாயகன் லாயத்தின் பக்கம் திரும்புகிறார். முழுப் பலத்தோடும் உலக்கையால் டிவியின் நடுவில் குத்தினேன். திரை நொறுங்கிக் கறுத்தது.

படம் போனது, சத்தம் போகவில்லை.

குதிரை கனைத்தது. யாரோ ஓடிவரும் காலடி. பிறகு ஒரு குத்து, அதற்குப் பிறகு ஒரு முனகல். எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த குரல். அண்ணன் பெடியனாக இருந்தபோது தலை வாரி இழுப்பது முதல் வசனம் பேசுவது வரை பார்த்துப் பழகிய அந்த மனிதரின் குரல், இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

என் கணவரின் பிடி கழன்றது. உதடு கிழிந்து தொங்க அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மணலில் கையால் தோண்டியபோது பார்த்த அதே முகத்தை அப்போதுதான் அவர் கண்டிருக்கவேண்டும்.

"ஆர் மச்சான் அது?" என்று அண்ணன் கேட்டான். கண்களை இன்னும் திறக்கவில்லை.

என் கணவர் இரத்தத்தை விழுங்கினார். "வில்லன்" என்றார். "அவன் இன்னும் முழுசாச் சாகேல்லை."

அந்த முனகல் தேய்ந்து நிற்கும் வரைக்கும் அண்ணன் கேட்டுக்கொண்டு இருந்தான்.

"ஓம்" என்றான். "வில்லன்தான்."

நான் போய் வயரைப் பிடுங்கினேன்.