காலை வணக்கத்துக்காகத் துண்டிக்கப்பட்டோம்

தலைமை அலுவலகமே இல்லாத ஓர் அமைப்பை முப்பத்தாறு வருட சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு பார்த்தேன். யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துச் சமூக வலைத்தளம் நடத்தலாம். அது மற்ற சர்வர்களோடு தானே பேசிக்கொள்ளும். புனேயில் எங்கள் ஔந்த் பகுதி ஹவுசிங் சொசைட்டிகள் மாதிரிதான். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிச் சட்டம், தனிச் சண்டை. ஆனால் தெரு பொது.

சேர்வதற்கே நான் திணறினேன். எடுத்தவுடன் எந்த சர்வர் என்று கேட்டது. டிக்கெட் கவுண்டரில் ‘எந்த ரயில்வே?’ என்று கேட்டால் எப்படி விழிப்போம், அப்படி விழித்தேன். ஒரு பெரிய தமிழ் சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு கட்டம். பொருள், பார்வை, ஐந்து பத்தி, ‘தங்கள் உண்மையுள்ள’ எல்லாம் போட்டு அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லை. நாமே ஒன்று தொடங்கினால் என்ன என்று தோன்றியது அந்தக் கோபத்தில்தான்.

சிஞ்ச்வட்டில் என் நண்பர் ஒருவர் தனியாக இருக்கிறார். உதிரிபாகத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். புனே தமிழர்களுக்கான சர்வர் அவர் ஃப்ளாட்டில், ஃப்ரிட்ஜ் மேல் வைத்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பித்தது. எங்கள் முதல் பதிவு எங்கோ வேறொரு நாட்டு சர்வரில் தெரிந்தபோது இருவரும் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடிக்காத குறை. விதிமுறைகளை நான் எழுதினேன்: நாற்பத்தொரு பிரிவுகள், இரண்டு இணைப்புகள். யாரும் படிக்கவில்லை. வியாழக்கிழமை பராமரிப்புக்காக மின்சாரம் போனால் சர்வரும் போகும். அதற்கும் ஒரு பிரிவு இருந்தது.

முப்பத்தெட்டு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் கட்கி பக்கத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர். மகர்பட்டாவில் ஓர் அடுக்குமாடி டவரில் நடக்கும் கொலையைத் தொடர்கதையாக எழுதினார். எங்கள் ஆட்களில் அதைப் படித்தவர்கள் ஆறேழு பேர். எனக்கு இடம் தராத அந்தப் பெரிய சர்வரிலோ இருநூறு பேர் பின்தொடர்ந்தார்கள். அத்தியாயம் வந்ததும் கொலைகாரன் யார் என்று அங்கே அடிதடி நடக்கும். அதைப் படிக்க நான் பல்கூடத் துலக்காமல் உட்காருவேன். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி என்ற நிலையில் பெரிய சர்வர் எங்களைத் துண்டித்தது.

காரணம் ரோஜாப்பூ. தினமும் காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டு பேரும் ‘காலை வணக்கம்’ படம் போடுவோம். வாட்ஸாப்பில் ஊறிய பழக்கம். அது போதாதென்று ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் பதில் வணக்கம். பெரிய சர்வரின் நிர்வாகி எழுதியிருந்தார்: “உங்கள் சர்வரை ஆளில்லாமல் ஓடும் இயந்திரக் கணக்குகள் பிடித்துவிட்டதாகத் தெரிகிறது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் வராவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள்.”

டீச்சர் போன் செய்தார். “சார், கொலைகாரன் யாருன்னு சொல்லாம நின்னுபோனா, எனக்கே தெரியலன்னு பேசுவாங்க. அந்த இருநூறு பேரை நான் எங்க போய்த் தேடறது?”

“யார் டீச்சர் கொலைகாரன்?”

“நீங்க முதல்ல இதைச் சரி பண்ணுங்க, அப்புறம் பேசலாம்.”

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. மேல்முறையீடு! என் துறை! ஒரே மூச்சில் பதினோரு பத்தி, கூடவே தேதிவாரி அட்டவணை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “இதையும் இயந்திரம்தான் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறோம்.” என் மேலதிகாரிகள் இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்ததை ஒருவர் கடைசியில் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிஞ்ச்வட்டுக்குப் பறந்தேன். “காலை வணக்கத்துக்குத் தடைபோட்டு சுற்றறிக்கை விடப்போறேன்.”

“அரே, விடுங்க சார்,” என்றார் நண்பர், டீ ஆற்றிக்கொண்டே. “நான் போடத்தான் போடுவேன்.”

“அப்போ முதல்ல உங்களைத்தான் நீக்குவேன்.”

“நீக்குங்க. கம்ப்யூட்டர் என் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.” பிறகு சிரிக்காமல் சொன்னார்: “இந்தக் கதவை உள்ளே தாழ் போட்டுட்டுப் படுக்கிறேன். மறுநாள் நான் எழுந்திரிக்கலேன்னா யாருக்குத் தெரியும்? ஆறு மணிக்கு என் பூ வரலேன்னா, எட்டு மணிக்காவது நீங்க வண்டியை எடுப்பீங்க இல்ல? அதுக்குத்தான் போடறேன்.”

அங்கேயே, அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பொருளும் பார்வையும் இல்லாமல், அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: இனி பூக்கள் எங்கள் சர்வருக்குள்ளேயே இருக்கும்படி மாற்றிவிடுகிறோம், கதை மட்டும் வெளியே வரும்.

பொழுது சாய்வதற்குள் பதில். “திறந்துவிட்டோம். கடைசி அத்தியாயம் எப்போது?”

நான் குதித்த குதியில் டீ கொட்டியது. நண்பர் துணி எடுக்கப் போனார். நடந்ததையெல்லாம் போனில் கேட்ட டீச்சர் மட்டும் இரண்டு நாள் அவகாசம் கேட்டார், முடிவை மாற்றப்போகிறாராம்.

மாற்றித்தான் இருந்தார். கொலையான முதியவர் காலை ஐந்து மணிக்கே இறந்துவிட்டார். ஆறு மணிக்கு அவர் போனிலிருந்து பூப்படம் அனுப்பி, அவர் உயிரோடு இருப்பதாக ஊரை நம்பவைத்தவன் கொலைகாரன். அவன், சட்டதிட்டம் எல்லாம் தலைகீழாகத் தெரிந்த சொசைட்டி செயலாளர். இருநூறு பேரும் கூச்சல் போட்டுத் தீர்த்தார்கள். யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று டீச்சரிடம் நான் கேட்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு நண்பரின் ரோஜா வந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போன் போட்டேன்.

“பூ போட்டது நீங்கதானே?”

“வேற யாரு, செயலாளரா?” என்றார்.