ஷிரோமி எந்த ஊருக்கு விளையாடுவாள்

2013ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிசின் தமிழ்க் கடைப் பகுதியான லா ஷப்பலில், ரூ பெர்தொனே தெருக் கடைகளின் கண்ணாடிகளில் வழக்கமான சுவரொட்டி ஏறியது. பாரிஸ் தமிழ்க் கழகங்களின் கோடைகால உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, இடம் ஸ்தேன் நகரசபை மைதானம். ஆண்டுதோறும் ஏறுகிற சுவரொட்டி என்பதால் நகைக்கடைக்காரரும் மரக்கறிக் கடைக்காரரும் அதைப் படிக்காமலே ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அதே தெருவின் உணவகம் ஒன்றில் றோல்ஸ் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஷிரோமி மட்டும் வெளியே போய் நின்று கடைசி வரிவரை படித்தாள். இம்முறை முதற்தடவையாகப் பெண்கள் அணிகளும் உண்டு, ஓர் அணிக்கு எழுவர் என்று அந்த வரி சொன்னது.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. இலங்கையில் மணற்குடா என்ற ஊரில் பிறந்து, ஆறு வயதில் தாய் தகப்பனோடு நெதர்லாந்துக்குப் போனவள். 2009இல் பூவரசந்துறை ஊர்க்காரனான றொஜரைக் கலியாணம் செய்து பாரிசுக்கு வந்தாள். அவனுக்கு றுவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, அதனால் வீடு கூசேன்விலில். கலியாணத்துக்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை.

அதற்கு முன்னர் அவள் தொடாத வாரம் கிடையாது. நெதர்லாந்தில் சின்ன ஊருக்கும் ஒரு கழகம் இருக்கும், கழகத்துக்கு இரண்டு மூன்று புல்தரையும் ஒரு கன்ரீனும் இருக்கும். எட்டு வயதில் அவள் போய் நின்றபோது வயது என்ன, எந்தத் தெருவில் இருக்கிறாய், முன்னால் ஓட விருப்பமா பின்னால் நிற்க விருப்பமா என்று மட்டும் கேட்டார்கள். பின்னால் என்றாள். சில வருடம் பையன்களோடு ஒரே அணியில் ஓடினாள், பிறகு பெண்கள் அணிக்கு மாறினாள். அங்கே பெண்கள் உதைபந்தாட்டம் ஓர் ஏணி மாதிரி. உச்சியில் நாடு முழுவதுக்குமான லீக். கீழே வர வரப் படிகள் அகலும், கடைசிப் படியில் பக்கத்து ஊர்க்காரிகள் சைக்கிளில் வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். முதலாவதாக வந்தால் ஒரு படி ஏறலாம், கடைசியாக வந்தால் இறங்க வேண்டும். ஷிரோமி விளையாடியது கழகத்தின் இரண்டாவது பெண்கள் அணியில். அது நின்றது கடைசிப் படி. அதற்குக் கீழே இறங்க இடமில்லை என்பதால் எல்லாரும் நிம்மதியாக விளையாடினார்கள்.

யாருக்கும் சம்பளம் இல்லை. சந்தா கட்டித்தான் விளையாட வேண்டும். முறை வரும்போது கன்ரீனில் நின்று கோப்பி ஊற்றவும் வேண்டும். முதல் வருடம் இதைப் பார்த்த அவளுடைய அம்மா, பிள்ளை ஏதோ பிழை செய்து தண்டனைக்கு நிற்கிறாள் என்றே நினைத்தார். அடுத்த வருடம் அம்மாவும் முறை எடுத்தார். அவர் பொரித்த பற்றிசுக்காக எதிரணிக்காரர்கள் ஆட்டம் முடிந்தும் போகாமல் இருந்தார்கள்.

கூசேன்விலில் வீட்டுக்குக் கிட்டவே பெண்கள் அணி வைத்திருந்த பிரெஞ்சுக் கழகம் ஒன்று இருந்தது. அதன் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஞாயிறென்றால் லா ஷப்பலில் நடக்க இடமிருக்காது, உணவகத்தில் யாருக்கும் லீவும் கிடைக்காது. சுற்றுப்போட்டி நாளில் மட்டும் முதலாளியே கடையைப் பூட்டிவிட்டு மைதானத்தில் கொத்துரொட்டிக் கடை போடுவார். ஆண்டில் ஷிரோமி விளையாடக்கூடிய ஒரே நாள் அதுதான். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

மத்தியானச் சனம் குறைந்ததும் எதிர்ப்பக்கப் பலசரக்குக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பேதுருதான் மணற்குடாக் கழகத்தின் செயலாளர். பாரிசில் தமிழ்க் கழகம் என்றால் ஊர்க் கழகம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருக்கிற ஊர் ஒன்றின் பெயரில் அது நடக்கும், அந்த ஊர்க்காரர்தான் அதில் ஆடலாம். முன்பு சில கழகங்கள் வெளியாட்களைக் கொண்டுவந்து கோப்பை வென்றதால், யாரும் தன் ஊருக்கு மட்டுமே விளையாடலாம் என்று சுற்றுப்போட்டிக் குழு விதி போட்டிருந்தது. ஆண்களுக்கு அதில் சிக்கல் வரவில்லை. தகப்பனின் ஊர்தான் மகனின் ஊர்.

பேதுரு முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு தராசில் பருப்பைக் கொட்டியபடியே யோசித்தார்.

"பிள்ளை, நீர் றொஜரைக் கட்டினனீர் எல்லோ. இப்ப நீர் பூவரசந்துறை. அங்கை கேளும்."

பூவரசந்துறைக் கழகத்தின் செயலாளர் லாசர், றொஜரின் தாய்மாமன். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. அன்று மாலை ஷிரோமி தொலைபேசியில் கேட்டபோது அவரும் மரியாதையாகவே மறுத்தார். அவள் பிறந்தது மணற்குடா, தகப்பன் மணற்குடா, நாளைக்கு யாராவது முறைப்பாடு வைத்தால் முழு அணியையும் வெளியேற்றிவிடுவார்கள் என்று விளக்கினார்.

அவளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூடுதலாக வந்தது. அப்படியானால் தான் எந்த ஊர்? மறுநாள் சமையலறையில் பியட்றிஸிடம் கேட்டாள். பியட்றிஸ் அவளைவிடப் பத்து வயது மூத்தவள், அங்கே கொத்து வெட்டுகிறவள். அவளுக்குப் பிறந்த ஊர் பூவரசந்துறை, புருஷன் மணற்குடா. ஷிரோமியின் கதை தலைகீழாக. அவளும் பெயர் கொடுக்கப் போயிருந்தாள். அவளை லாசர் பேதுருவிடம் அனுப்ப, பேதுரு லாசரிடமே திருப்பி அனுப்பியிருந்தார்.

கடைக்கு வெளியே சுவரில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருந்தன. ஷிரோமி அவற்றையும் போய்ப் படித்துவிட்டு வந்தாள். காலமான ஓர் அம்மாவுக்கு ஓர் ஊர் பிறப்பிடமாகவும், இன்னோர் ஊர் புகுந்த இடமாகவும், பாரிஸ் வசிப்பிடமாகவும் அச்சாகியிருந்தது.

"பாத்தியே," என்றாள் பியட்றிஸ், கரண்டியை நிறுத்தாமல். "செத்தாத்தான் எங்களுக்கு ரெண்டு ஊரும் தருவாங்கள்."

அன்றிலிருந்து ஷிரோமி, சாப்பாடு வாங்க வருகிற பெண்களிடமெல்லாம் விசாரிக்கத் தொடங்கினாள். விளையாட ஆசையா, எந்த ஊருக்கு? ஊருக்குள்ளேயே கட்டியவர்களுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் அவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானோர் ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரைக் கட்டியவர்கள். இங்கே பிறந்த பெண்ணொருத்தி, தான் ஸ்தேன் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு றோல்சை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வாரத்தில் நிலவரம் தெளிவாகியது. மணற்குடாவிடம் ஐந்து பெண்கள் இருந்தார்கள், பூவரசந்துறையிடம் நான்கு. இரண்டுமே எழுவருக்குப் போதாது.

இந்த நேரத்தில்தான் றொஜர் வாயை விட்டான். பூவரசந்துறைப் பையன்களோடு பந்தடித்துவிட்டு இருந்தபோது, தன் மனைவி ஹொலன்டில் லீக் விளையாடியவள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். எந்தப் படி என்று சொல்லவில்லை. செய்தி கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி லா ஷப்பலுக்கு வருவதற்குள் அவள் நெதர்லாந்து தேசிய அணி இடத்தை ஒரு காயத்தால் தவறவிட்டவளாக வளர்ந்திருந்தாள். ஷிரோமி வந்தவர்களிடமெல்லாம் மறுத்தாள். கடைசிப் படி, அதிலும் கடைசிக்கு முந்திய இடம் என்றாள். தன்னடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பேதுருவும் லாசரும் ஒரே நேரத்தில் உணவகத்துக்குள் நுழைந்தார்கள். வரிசை வாசல்வரை நின்றது. பேதுருவுக்கு இப்போது அவள் மணற்குடாவின் மகள், இரத்தம் மாறாது. லாசருக்கு அவள் பூவரசந்துறையின் மருமகள், தேவாலயப் பெருநாளுக்கு அவர்களுடைய பந்தலில் நிற்கிறவள். போன மாதம் ஒருவர் சொன்ன நியாயத்தை இந்த மாதம் மற்றவர் சொன்னார். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. சாப்பாட்டுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த வரிசையில் தவரத்தினமும் நின்றார். சுற்றுப்போட்டிக் குழுவின் தலைவர், இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத மனிதர். அவர் சத்தம் போடவில்லை. கழகங்கள் இரண்டு ஓர் ஆட்டக்காரருக்காக அடிபட்டால் அந்த ஆட்டக்காரர் அந்த வருடம் வெளியே, அது பழைய விதி என்று நினைவூட்டினார். திங்கட்கிழமைக்குள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வராவிட்டால் ஷிரோமி மைதானத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

ஷிரோமி பாதி கட்டிய சாப்பாட்டுப் பொதியைக் கீழே வைத்தாள்.

"தவரத்தினம் அண்ணை, ஒண்டு கேக்கலாமே? ஹொலன்டும் பெல்ஜியமும் போன வருசத்தில இருந்து பொம்பிளையளின்ர பெரிய லீக்கை ஒண்டாச் சேர்த்து நடத்துதுகள். தனித்தனியாப் பலமில்லை எண்டு ரெண்டு நாடே சேர்ந்திருக்கு. இவைக்கு ரெண்டு ஊர் சேர ஏலாதே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேதுருவும் லாசரும் சிரிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் இந்த இரு கழகங்களின் இறுதியாட்டம் ஒரு பனால்டியில் தொடங்கிக் கதிரை வீச்சில் முடிந்திருந்தது. அன்றிலிருந்து மைதானத்தில் இரண்டு கூட்டமும் எதிரெதிர்க் கரையில்தான் நிற்கும். சேருவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருவரும் வெளியேறினார்கள். இருவருமே சாப்பாடு வாங்க மறந்து போனார்கள்.

அன்று வீடு திரும்பிய ஷிரோமி நடந்ததைச் சொன்னாள். பிழை தன் வாயில் என்று தெரிந்த றொஜர், மாமனிடம் போய்க் கதைக்கட்டா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவளுக்கு வேறொன்று புரியத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்தில் அவளுடைய அணிக்கு ஆள் குறைந்தபோதெல்லாம் செயலாளர் யாரும் ஆள் பிடித்ததில்லை. அணியிலிருந்த பெண்களே தெரிந்தவளைக் கூட்டி வந்தார்கள். ஆடுகிறவர்கள் அவர்கள்தானே.

சனி முழுவதும் அவளும் பியட்றிஸும் தொலைபேசியில் இருந்தார்கள். ஐந்தும் நான்கும் ஒன்பது. இவர்கள் இருவரோடு பதினொன்று. சிலருக்குத் தயக்கம் இருந்தது. மாமனார் என்ன சொல்வார், அண்ணன் அதே கழகத்தில் கோல்காப்பாளர் ஆயிற்றே என்று இழுத்தார்கள். பியட்றிஸ் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: தனியே நின்றால் ஐந்து பேரும் வெளியே, நான்கு பேரும் வெளியே, கோல்காப்பாளர் அண்ணன் மட்டும் உள்ளே. ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒவ்வொருத்தியும் தன் தன் கழகத்திடம் போய்ப் பெயரை விலக்கிக்கொண்டாள். சேர்ந்து ஆடினால் ஆடுவோம், இல்லாவிட்டால் இல்லை.

திங்கட்கிழமை பேதுரு கடையைப் பூட்டாமலே தெருவைக் கடந்து வந்தார்.

"பிள்ளை, என்ர மருமகளும் விலகிட்டாள். என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. அவையளும் விளையாடத்தான் கேக்கினம்."

"லாசரோட ஒரே அணியோ?"

"லாசர் மாமா விளையாடேல்லை. நீங்களும் விளையாடேல்லை."

பேதுரு றோல்ஸ் தட்டைப் பார்த்தார். பிறகு, சட்டை என்ன நிறம் என்று கேட்டார். ஷிரோமிக்கு அவர் இறங்கிவிட்டார் என்று விளங்கியது.

தன் பக்கமும் ஆள் இல்லாமற் போனதால் லாசரும் அன்று மாலையே இறங்கினார். ஆனால் சண்டை அந்த நிறத்துக்குப் போய்விட்டது. மணற்குடா நீலம், பூவரசந்துறை மஞ்சள். எந்த ஊர்ப் பெயர் முதலில் வரும் என்பதிலும் இழுபறி. லாசர் புதுச் சட்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேதுரு பழைய மஞ்சளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தவரத்தினம் ஒரு வழி சொன்னார். முதற்பாதி நீலச் சட்டை, மணற்குடாப் பெயர் முன்னால். இரண்டாம் பாதி மஞ்சள் சட்டை, பூவரசந்துறைப் பெயர் முன்னால். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஓர் அணி ஆடியிருக்குமா என்று ஷிரோமி யோசித்தாள். ஆனால் மறுபேச்சுப் பேசவில்லை. மற்றப் பெண்கள் அணிகளிடம் தவரத்தினம் சம்மதம் கேட்டபோது அவை உடனேயே தலையாட்டின. பிறகு விசாரித்ததில், அந்த அணிகளிலும் கட்டின ஊர்ச் சிக்கல் இருந்தது. யாராவது முறைப்பாடு வைத்துவிடுவார்களோ என்று அவர்களும் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஜூலையில் ஸ்தேன் மைதானம் கொத்துப் புகையும் பிள்ளைகளின் சத்தமுமாக நிறைந்திருந்தது. முதலாட்டத்தில் ஷிரோமி நீலச் சட்டையில் வலதுபக்கப் பின்வரிசையில் நின்றாள். முதல் பந்து அவளுடைய காலுக்கடியால் போனது. இரண்டாவதும் போனது. எதிரணி ஒரு கோல் போட்டது. ஹொலன்ட் லீக் என்று சொன்னார்களே என்று கரையில் ஒருவர் கேட்டதும், இதைத்தானே அவள் இவ்வளவு நாளும் சொன்னவள் என்று பியட்றிஸ் மைதானத்துக்குள் இருந்தே பதில் கொடுத்ததும் அவளுக்குக் கேட்டன. மெல்ல மெல்லக் கால் பழைய பழக்கத்துக்கு வந்தது. பந்தைப் பார்க்காமல், பந்தை வைத்திருக்கிறவளின் இடுப்பைப் பார்த்தாள். மூன்றாவது பந்தை வாங்கி நடுவுக்குத் தள்ளினாள். பேதுருவின் சின்ன மருமகள் அதை ஓடிப் பிடித்துக் கோலுக்குள் அடித்தாள். நீலக் கரை எழும்பி ஆடியது. மஞ்சள் கரை, எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழும்பியது.

இடைவேளையில் பெண்கள் வட்டமாக நின்று துவாய் பிடித்து மஞ்சள் சட்டைக்கு மாறினார்கள். ஆண்களின் சட்டை என்பதால் ஷிரோமிக்கு அது முழங்கால்வரை வந்தது. இரண்டாம் பாதி தொடங்கியபோது கரைகளில் ஒரு குழப்பமான அமைதி. லாசரின் ஆட்கள் கத்தத் தொடங்கினார்கள். பேதுரு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கத்துவாரா என்று அறிய ஷிரோமிக்கு ஆவலாகத்தான் இருந்தது, ஆனால் பந்து அவளுடைய பக்கமே வந்துகொண்டிருந்தது, பார்க்க நேரம் இல்லை.

அடுத்த பந்து உயரமாக வந்தது. எதிரணியின் முன்வரிசைக்காரி இருபது வயதுப் பெண், காற்றுப் போல ஓடினாள். ஷிரோமி அவளோடு தோளுக்குத் தோள் ஓடி, கடைசி அடியில் காலை நீட்டிப் பந்தை வெளியே தட்டிவிட்டு விழுந்தாள். எழும்பும்போது பேதுருவின் குரல் கேட்டது. அவர் எந்த ஊரின் பெயரையும் சொல்லவில்லை. இடத்தை விடாதே பிள்ளை, இடத்தை விடாதே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கியது. முழங்காலில் இரத்தம். மாற்று ஆள் ஒருத்தி கரையில் தயாராக நிற்கிறாள், வெளியே போகிறாயா என்று பியட்றிஸ் கையால் கேட்டாள். ஷிரோமி இல்லையென்று தலையாட்டிவிட்டு, மஞ்சள் சட்டையின் தொங்கலை அரைக்குள் செருகிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள்.