நுவாதிபுவில் குளிர்

என் மனைவி வசந்தமலர் ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்க முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து மங்கரேயில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். சுகமில்லை என்று சொல்லி லீவு கேட்பவர்களில் யார் கள்ளம், யாருக்கு நிசமாகக் காய்ச்சல் என்று அவளைத்தான் சூப்பர்வைசரே கேட்பார். ஆனால் தொலைபேசியில் கை தெரியாது. அவளுடைய சீவியத்தைப் பிடித்த சனியனே அதுதான்.

2007ஆம் ஆண்டு தை மாதம் அவளுடைய தம்பி வசீகரன் அவளுக்குப் போன் எடுத்தான். பிரான்சுக்குப் போகவென்று ஏஜென்டை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவன். மேற்கு ஆபிரிக்காவில், மொரிட்டானியா நாட்டில், நுவாதிபு என்ற ஊரில் நிற்பதாகச் சொன்னான். ஒரு பக்கம் மணல், மற்றப் பக்கம் கடல். அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கள்ளப் படகில் ஏற்றுவார்களாம். இங்கே ஆக்லாந்தில் கோடை வெயில். மலர் ஃபேனுக்குக் கீழே நின்றுதான் பேசினாள்.

"அக்கா, இங்க சரியான குளிர். போட உடுப்பில்லை. ரெண்டு நாளிலை படகு வருமெண்டு சொல்லுறாங்கள்."

அதோடு சரி. பிறகு போன் வரவேயில்லை.

மாமி, அதாவது மலரின் அம்மா பத்மாவதி, அப்போதே ஒடாஹுஹு வீட்டில் எங்களோடுதான் இருந்தார். மகன் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு வந்தது அழுகை அல்ல, கோபம்.

"ஆபிரிக்காவிலை, அதுவும் மணல்காட்டிலை குளிரோ? ஆருக்குக் காது குத்துறான்? அவன் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்திட்டான். எங்களைக் கழட்டி விடப் பாக்கிறான்."

அவருக்கு அப்படித் தோன்றியதில் நியாயமும் இருந்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் வேறு ஊரைச் சொல்லு என்று ஏஜென்ட்மார் பொடியன்களுக்குப் பழக்கியே அனுப்புவார்கள். மாமியின் தமையன் மகன் ஒருத்தன் ஆறு வருஷம் செத்தவன் மாதிரி இருந்துவிட்டு, பாரிசிலிருந்து பெண்சாதி பிள்ளையோடு படம் அனுப்பினான். அன்றிலிருந்து மாமியின் கணக்கு ஒரே கணக்குத்தான். பொங்கல், வருஷப்பிறப்பு எது வந்தாலும், "இப்ப பாரிசிலை பாண் திண்டு கொழுத்திருப்பான்" என்று ஒரு முறையாவது சொல்லாமல் சாப்பிடமாட்டார்.

கடலில்தான் செத்துப்போயிருப்பான் என்பது என் எண்ணம். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அந்தியேட்டிக் கிரியையைச் செய்வம் மாமி" என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் விளங்கியது.

பாவம் மலர்தான். தம்பி பொய் சொன்னான் என்றால் உயிரோடு இருக்கிறான், ஆனால் அக்காவையும் அம்மாவையும் கைவிட்டவன். உண்மை சொன்னான் என்றால் நல்லவன், ஆனால் இல்லை. எதை விரும்புவது? பதினெட்டு வருஷத்துக்கு மேல் இதற்குள் கிடந்து உழன்றாள். அந்த ஊரின் குளிரைப் போனில் தேடிப் பார்த்து, பதினைந்து பாகை என்று அம்மாவுக்குக் காட்டினாள்.

"இதெல்லாம் ஒரு குளிரோ? ஆடி மாசக் குளிரிலை இஞ்ச பஸ்ஸுக்கு நிக்கிற எனக்குத் தெரியாதோ?" என்று மாமி போனைத் தள்ளிவிட்டார்.

போன வருஷக் கடைசியில் மலர் முடிவெடுத்தாள். "தை மாசம் அங்க போவம். அவன் நிண்ட அதே மாசம்."

போகாதே என்று நான் சொல்லாத காரணம் இல்லை. என் முழங்கால், லீவு, விசா எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. கோயிலில் சொன்னால், "சிங்கம் பாக்கவோ அண்ணை?" என்று கேட்டார்கள். சிங்கமாம்! மணல்காடு என்றால் வெயில்தானே என்று பருத்திச் சட்டைகள், தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் அடுக்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். நாலு விமானம் மாறி இறங்கினால், சூட்கேஸ் வரவில்லை. அந்தச் சன்ஸ்கிரீன் எந்த ஊரில் கிடந்து உலாவியதோ.

நுவாதிபுவில் எங்களுக்குக் கிடைத்தது தேத்தண்ணி மட்டுமே. பொலிஸ் நிலையத்தில் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் நுரை பொங்கத் தேத்தண்ணி தந்து, நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனால், துறைமுக அலுவலகத்துக்குப் போ என்றார்கள். அங்கேயும் தேத்தண்ணி. பெரியவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டார். எங்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது, அரபும் தெரியாது. டாக்சிக்காரன் போனில் மொழிபெயர்த்துத்தான் எல்லாம் நடந்தது. மீன்பிடித் துறையில் ஆயிரக்கணக்கில் வள்ளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மலர் தம்பியின் படத்தை ஒவ்வொருவரிடமாக நீட்டினாள். எல்லாரும் வாங்கிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்கள். எத்தனையோ பொடியன்கள் வந்தார்கள், எத்தனையோ பேர் போனார்கள் என்றான் டாக்சிக்காரன். ஒருவனாவது எரிந்து விழுந்திருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அன்பானவர்களிடம் எப்படிக் கத்துவது?

கடைசி நாள் பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். பொழுது சாயச் சாயக் காற்று எழும்பியது. காற்றா அது! கடலிலிருந்து வந்து, மணலையும் வாரிக்கொண்டு, சட்டைக்குள்ளே புகுந்து எலும்பைத் தொட்டது. என் பற்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

"இஞ்சருங்கோ, சரியாக் குளிருது" என்றாள் மலர்.

எனக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "குளிராமல் என்ன செய்யும்? போட உடுப்பில்லாமல் இந்தக் காத்துக்கை வந்து நிண்டால்..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்கள் நடுங்கின, நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அவன் பொய் சொல்லேல்லை. இஞ்சதான் நிண்டிருக்கிறான். இதிலைதான் ஏறியிருக்கிறான்" என்று கடலைக் காட்டினாள்.

இத்தனை வருஷமாக நான் சொன்னதுதான். சரியாகிவிட்டது என்று ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஒடாஹுஹு வீட்டுக்கு வந்தபோது மாமி ஃபேனுக்குக் கீழே இருந்தார். போன விஷயம் என்ன என்று கேட்கவில்லை. மலர் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, அங்க குளிர்தான்."

மாமி மகளின் முகத்தையே பார்த்தார். "உண்மையாவோ?"

"ஓம் அம்மா. வெளியிலை நிக்கேலாது."

மாமி எழும்பிப் போய் ஃபேனை நிறுத்தினார். பிறகு, "உடுப்பில்லை எண்டும் சொன்னவனெல்லே" என்றார்.

அடுத்த நாள் காலை என்னிடம் வந்தார். "தம்பி, மாசி அமாவாசை எப்பவெண்டு பாருங்கோ. ஐயரோடை கதையுங்கோ. தானச் சாமானோடை ஒரு நல்ல குளிர் ஜாக்கெட்டும் வாங்க வேணும். புதுசா வேணும்."

கோடை உச்சியில் ஆக்லாந்தில் குளிர் ஜாக்கெட் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலைச்சல் தெரியும். கடை கடையாக நீச்சல் உடுப்பும் ஜாண்டல் செருப்பும் தொங்குகின்றன. விற்கிற பெட்டைகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். வெயிலில் மண்டை வெடிக்கிறது. கடைசியில் மலர்தான் வழி சொன்னாள். குளிர் அறையில் வேலை செய்பவர்களுக்கு உடுப்பு விற்கும் கடை ஒன்று மங்கரேயில் இருந்தது. நீல நிறம், சட்டைக்கையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி. நல்ல தடிப்பான ஜாக்கெட்டாகப் பார்த்து, லார்ஜ் சைஸில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாமி விரித்துப் பார்த்தார். தோள்மூட்டைத் தடவினார்.

"இது பெரிசு தம்பி. மாத்திக்கொண்டு வாங்கோ. அவன் மெல்லிய பொடியன்."

பாண் தின்று கொழுத்தவன் அந்த நிமிஷத்தோடு போய்விட்டான். நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் மங்கரேக்குப் போனேன்.

எங்கள் கராஜில்தான் அந்தியேட்டி நடந்தது. உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்தார்கள். முடிவில் குடை, செருப்பு, வேட்டி, செம்பு என்று தானப் பொருட்களை அடுக்கியபோது, மாமி ஜாக்கெட்டைத் தன் கையாலேயே கொண்டுவந்து மேலே வைத்தார். ஐயருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"இது எதுக்கம்மா, இந்த வெக்கைக்கை?" என்று கேட்டார்.

"அங்க சரியான குளிர் ஐயா" என்றார் மாமி. "பிள்ளை சொன்னவன்."