நுனியில் வைத்த கட்டி

காக்களூரில், வெளிநாட்டுக் கார்களுக்கு சீட் செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகனாக இருந்தபோது அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்ற நீலக் கோட்டு.

முன்சீட்டின் பஞ்சுக்கடியில் எடையை உணரும் விரிப்பு ஒன்று இருக்கும். பெரியவர் உட்கார்ந்திருந்தால்தான் விபத்தில் ஏர்பேக் விரிய வேண்டும். குழந்தை என்றால் விரியக்கூடாது. ஏர்பேக் விரியும் அந்த அடியே குழந்தையின் உயிரை எடுத்துவிடும். குழந்தையின் எடையுள்ள இரும்புக் கட்டியை நடுவில் வைத்துச் சோதிப்பது அவர் வேலை. அதற்கு முன் சீட்டை ஒருமுறை உள்ளங்கையால் தடவுவார்.

ஒருநாள், சோதனை மெஷினில் பச்சை விளக்கு எரிந்த ஒரு சீட்டை ஒதுக்கி வைத்தார்.

"பாஸ் ஆயிடுச்சேம்மா?" என்றேன்.

"நுனியில கைக்கு முட்டுது சார். கட்டி நடுவுல குந்துது. கொயந்த எங்க நடுவுல குந்தும்? முன்னாடி கைய வெச்சிகினு நுனியிலதான் குந்தும்."

கட்டியை நுனிக்கு நகர்த்தினேன். மெஷின் பெரியவர் என்றது. பிரித்தோம், விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது.

"எந்தக் கார்ல பாத்தீங்க?"

"கார்ல ஏறுனதே இல்ல சார். ஷேர் ஆட்டோலதான் தெனம் பாக்குறேனே."

அன்று முதல் நுனியிலும் கட்டி வைத்தோம். காரணம் கேட்டு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. ஷேர் ஆட்டோவை அவர்களுக்கு எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.