ஈரக்கரி

"ஈரக்கரியக் கட்டி ஏமாத்துறியா, ராக்கு?" என்று டிரைவர் அருஞ்சுனை கத்தியபோது, நரிக்குடியில் மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை.

யுத்த காலம். பெட்ரோல் கண்ணில் படாததால் பஸ்ஸின் முதுகில் ஆளுயரப் பீப்பாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, அதன் பக்கத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றினால் கிளம்பும் கரிவாயுவில்தான் அருப்புக்கோட்டைக்கு வண்டி ஓடும். அன்று சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம். எஞ்சின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

கரி ராக்கம்மாளுடையது. கைநீட்டிய புருஷனை ஊர்க்கூட்டத்தில் அத்துவிட்டு வந்தவள், கருவேலங்கட்டையை அடுக்கி மண் பூசி, ஒற்றை ஆளாய்க் கரிமூட்டம் போட்டாள். பஸ்ஸுக்குக் கரி போடுவதே அவள் பிழைப்பு. அதைத் தன் பந்தல்குடி மச்சானுக்கு மாற்றிவிட அருஞ்சுனை சாக்குத் தேடுவது ஊரறிந்த கதை.

"பொம்பளை கரி போட்டா பஸ்ஸு மசக்கைக்காரி மாதிரிப் படுக்காம என்ன செய்யும்?" என்றார் சந்தைக்குப் போகும் சேலை மூட்டையோடு பீப்பாயடியில் குந்தியிருந்த நெசவாளி சௌடையா.

"ஒம்ம தறியில நூலறுந்தாலும் நாந்தான் காரணம்பீரு, செட்டியாரே!"

ராக்கம்மாள் தன் கரிமூட்டையைப் பிரித்து இரண்டு கரித்துண்டை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது. "ஈரக்கரி இப்பிடிப் பேசுமாடா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிரயாணிகள் இத்தனை பேரும் ஏன் பீப்பாயடியில் குந்தியிருக்கிறார்கள்? சாம்பல் அள்ளும் கீழ்க்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எல்லாரும் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இதத் தெறந்தது ஆரு?"

எல்லார் கண்ணும் அருஞ்சுனையின் வாயிலிருந்த பீடிக்குப் போனது. அதைப் பற்றவைக்கத் திறந்தவன் மூடவில்லை. அனலைக் கண்டதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கதவு வழியே காற்றுப் புகுந்தால் கரி வெட்டியாய் எரியுமே தவிர, எஞ்சினுக்கு வாயு ஏது?

கதவைக் காலால் எற்றிச் சாத்திவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். வெகுநேரம் சுற்றிய பிறகு எஞ்சின் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது.

"ஈரம் இப்பத்தான் காஞ்சிருக்கு. நாளையிலருந்து மச்சான் கரிதான்" என்றான் அருஞ்சுனை.

ராக்கம்மாள் ஏணியில் ஏறி, பஸ் கூரையில் வழிக்கென்று ஏற்றியிருந்த தன் கரிமூட்டைகளை ஒவ்வொன்றாய் உருட்டிவிட்டாள்.

"ஏத்தா, வழியில கரி பத்தாமப் போயிருமே!" என்றது கூட்டம்.

"ஈரக்கரி எதுக்குன்னு டிரைவரக் கேளுங்க."

அவன் வீம்புக்கு வண்டியை எடுத்தான். அவள் மூட்டை மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். கண்மாய்த் திருப்பத்தில் சத்தம் விக்கியது, பிறகு அடங்கிப்போனது. விடியலிலிருந்து திறந்துகிடந்த கதவு பீப்பாய்க் கரியைத் தின்று தீர்த்திருந்தது.

பனிக்குள்ளிருந்து வசவுச் சத்தம் முதலில் வந்தது. பின்னால் ஆட்கள், முன்னால் அருஞ்சுனை. மூட்டையில் கை வைத்தான். அவள் எழவில்லை.

"ஈரமா, காஞ்சதா? இவுக காதுல விழச் சொல்லு."

"காஞ்சது" என்று பல்லைக் கடித்தான்.

"நாளைக்கு ஆரு கரி?"

"சொல்லித் தொலைப்பா, சந்தை கலஞ்சிரும்!" என்று சௌடையா எரிந்துவிழுந்தார்.

"உன் கரிதான். போதுமாடி?"

"டி போட்டது போதும். தூக்கு."

கண்மாய்வரை அவன் சுமந்தான். ஒரு மூட்டைக்குக்கூட அவள் கை கொடுக்கவில்லை.