முப்பத்திரண்டு ஜிபியில் ஒரு கடவு

அந்த மொபைலின் மூலையில் ஒரு கீறல். உப்புக்காற்றில் மஞ்சளித்துப்போன உறை, சார்ஜர் செருகும் துளையில் இன்னும் நாலைந்து மணல் துகள். உயிரோடு இருந்த காலத்தில் அதன் திரையில் நெடுநாள் ஒரே அறிவிப்பு நின்றது: இடம் நிறைந்துவிட்டது. என் அக்காவின் கணவருடைய மொபைல் அது. அத்தான் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுபவர். இப்போது அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பேனா தேடும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது.

அதை வாங்கிக் கொடுத்தவன் நான். பாறசாலையில் ஒரு கடை. ஒரே மொபைல், இரண்டு அளவு: முப்பத்திரண்டு ஜிபி, நூற்றிருபத்தெட்டு ஜிபி. சின்னது சீக்கிரம் நிறையும் என்று கடைப்பெண் மலையாளத்தில் சொன்னாள். “பெருசு எடுத்தா நல்லதுல்லா?” என்று அத்தான் என் காதில் கேட்டார். “ஒங்களுக்கு எதுக்கு அத்தான் அவ்வளவு எடம்? பேசணும், ரெண்டு போட்டோ எடுக்கணும். இதே தாராளம்” என்றேன். பெரிய விலை வித்தியாசம்கூட இல்லை. ஒரு படகுக்காரனின் வாழ்க்கைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

தினமும் காலையில் படகை எடுக்கும் முன் அத்தான் பொழியைப் பார்ப்பார். நெய்யாறு கடலைத் தொடும் வாய் அது. மணல்திட்டு ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறிக் கிடக்கும். மற்றவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். மொபைல் வந்தபின் அத்தான் அதை வீடியோவாகப் பிடித்தார். படகுத்துறையான கடவில் தென்னையில் கட்டிய படகின் கயிற்றில் தொடங்கி, மெல்ல நகர்ந்து, மணலில் போய் முடியும். நாள் தவறாமல் ஒன்று. “கல்யாணத்துக்குப் போனா எனக்கு ஒரு போட்டோ எடுத்துத்தர ஆளில்ல, தண்ணிய மட்டும் கொள்ளையா எடுத்து வச்சிருக்காரு” என்று அக்கா முகம் திருப்புவாள்.

இரண்டு வருஷத்தில் மொபைல் திணறியது. தொட்டால் யோசித்தது. பயணிகள் கூப்பிட்டால், எடுப்பதற்குள் மணி நின்றுபோகும். அவர்கள் வேறு படகுக்குப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அதை என்னிடம் நீட்டினார். “எலே, இது முக்கிட்டு கெடக்கு. என்னவாம் செய்யி.” திறந்து பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே தென்னை, ஒரே கயிறு. “எல்லாம் ஒண்ணுபோல இருக்கே அத்தான்.”

“ஒண்ணுபோலயா? நேத்து மணல் அக்கரைப் பக்கமாக்கும் கெடந்தது. நீ ஆத்தப் பத்திக் கதை எழுதுவ மக்கா, ஆத்தப் பாக்கமாட்ட.”

சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டியில் கிடந்தாலும் இடம் அடைக்கும் என்று அதையும் காலி செய்தேன். மொபைல் துள்ளியது. அத்தான் வெகுநேரம் அதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். “போட்டு, போனது போகட்டும்” என்றார். அதன்பின் அவரும் பொழியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அந்த ‘போட்டு’ என்ன விலை பெறும் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் பக்கத்து ரிசார்ட் அந்தக் கடவை வேலி கட்டி அடைத்தது. அங்கே யாரும் படகு கட்டியதே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நெய்யாற்றின்கரை தாலுகா அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். மின்விசிறிக்குக் கீழே காகிதங்களை அழுத்திப் பிடித்தபடி அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார், அங்கேயே படகு கட்டியதற்கு ஏதாவது தெளிவு, அதாவது ஆதாரம், உண்டா என்று. ஒரு நாள் படம் போதாது. வருஷக்கணக்காக, அதே இடம், அதே மரம், அதே கயிறு. நான் சலித்துக்கொண்ட அந்த ஒரே மாதிரியைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் திறக்கப் போனேன். அத்தான் என் முழங்கையை அழுத்தினார்.

“உண்டாயிருந்தது சாரே. மொபைல்ல எடமில்லாம நான்தான் அழிச்சேன்.”

நான்தான் என்றார். அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை. இன்றுவரை அக்காவிடமும் திருத்தவில்லை. கடவு போயிற்று. கட்ட இடமில்லாத படகை அத்தான் விற்றார். இப்போது அதே ரிசார்ட்டின் படகை, அவர்கள் கொடுத்த நீலச்சட்டையில், அவர் ஓட்டுகிறார்.

போன மாதம் அவருக்கு இருநூற்றைம்பத்தாறு ஜிபியில் ஒரு மொபைல் வாங்கிக்கொண்டு போனேன். பழையதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். நேற்றுப் போயிருந்தபோது புதியதைத் தொட்டுப் பார்த்தேன். தொடும் முன்னே திறந்தது. படங்கள் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. “ஒண்ணும் எடுக்கல்லியா அத்தான்?” என்றேன். அவர் நீலச்சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னத்த எடுக்க மக்கா? ஆனா ஒண்ணு. நல்ல ஸ்பீடாக்கும்.”